நான் திருடிய சனிக்கிழமை வகுப்பு

1

இந்த மாதத்தோடு நான் நடனக் கலைஞர் ஆகி ஒரு வருடம் முடிகிறது. இந்த ஒரு வருடத்தில் நான் நடனம் கற்றுக்கொள்ளவில்லை. அதற்கு முன்பும் எனக்கு நடனம் தெரியாது. வேறு யார் வழியாகவாவது எங்கள் ஊர் ஆலத்தியூருக்குத் தகவல் போய்ச் சேருவதற்குள் நானே முழுவதையும் சொல்லிவிடுவது நல்லது.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய கடற்கரை நகரத்தில், மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் நான் நர்ஸ். வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. கணவர் டவுன் பஸ் ஓட்டுகிறார். ஒரே மகள் இனியாவுக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ‘சாப்பிட்டியா’ என்றால் மட்டும் ‘ம்’ என்பாள். அந்த ‘ம்’மைத் தமிழ் என்று எடுத்துக்கொண்டு, பெண்ணுக்குத் தாய்மொழி வரும் என்று ஊருக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அவளுடைய பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நகராட்சி, இரண்டு பள்ளிகள், நூலகம், ஒரு பழைய நாடக அரங்கம் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. ஊர்ப்பிள்ளைகளுக்குக் கலை சொல்லிக்கொடுப்பது அதன் வேலை. பெற்றோர் வந்தால் மகிழ்ச்சி என்று எழுதியிருந்தார்கள். இந்த ஊரில் ‘மகிழ்ச்சி’ என்றால் மகிழ்ச்சி மட்டும்தான், வராவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். எனக்கு அது அப்போது தெரியாது. ‘தவறாமல் கலந்துகொள்ளவும்’ என்று படித்துக்கொண்டு, டியூட்டியை மாற்றிக்கொண்டு போனேன்.

கூட்டமைப்பை நடத்துகிறவர் ஜூலி. அறுபது வயதிருக்கும். சைக்கிளில் வருவார், ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துவிட்டு அப்படியே கூட்டம் நடத்துவார். என் பெயரை மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்.

“கலை என்றால் ஆர்ட். செல்வி என்றால் மகள் மாதிரி.”

“கலையின் மகள்,” என்றார் ஜூலி. மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று கலைச்செல்வி என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

“அப்படியென்றால் உங்கள் குடும்பத்தில் எல்லோரும் நடனக் கலைஞர்களா?”

எங்கள் அப்பா சிமென்ட் ஆலையில் மூட்டை ஏற்றியவர். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், ஆறு வாரம் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு நீங்கள் வகுப்பு எடுக்க முடியுமா என்று அடுத்த கேள்வி வந்துவிட்டது. நம் ஊரில் யாராவது இரண்டாவது தோசை வைக்க வந்தால் ‘பரவால்லங்க, பரவால்லங்க’ என்று கையால் மறைப்போமே, அதே அர்த்தத்தில்தான் ‘ஓகே, இட்ஸ் ஓகே’ என்றேன். ஜூலி அதில் முதல் ஓகேயை மட்டும் எடுத்துக்கொண்டார். நோட்டில் என் பெயரை எழுதி அடிக்கோடிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டியவர்களிடம் போய் மாட்டேன் என்று சொல்லும் ஆங்கிலம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

2

அடுத்த வாரம் படிவங்கள் வந்தன. என் மேல் போலீஸ் வழக்கு எதுவும் இல்லை என்பதற்கு ஒன்று, படம் எடுக்கச் சம்மதம் என்பதற்கு ஒன்று, ஆபத்து மதிப்பீடு என்று ஒன்று. கடைசிப் படிவத்தில், ‘உங்கள் நடனத்தால் பங்கேற்பாளர்களுக்கு ஏற்படக்கூடிய ஆபத்துகள்’ என்று கேட்டிருந்தது. நான் ஆடினால் பார்க்கிறவர்களுக்குத்தான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டு, ‘எதுவும் இல்லை’ என்று எழுதினேன். ஆபத்தே இல்லாத நடனம் கிடையாது, தயவுசெய்து யோசித்து எழுதவும் என்று திருப்பி அனுப்பினார்கள். ‘தரை வழுக்கலாம்’ என்று எழுதியதும் ஏற்றுக்கொண்டார்கள்.

‘மேடை அனுபவம்’ என்றும் ஒரு கட்டம் இருந்தது. எட்டாம் வகுப்பில் ஆண்டு விழாக் குழு நடனத்துக்கு எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் நானும் ஒருத்தி. ஒத்திகையின் முதல் நாளில் டீச்சர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கலைச்செல்வி, நீ போய் ஸ்கிரீன் இழும்மா,” என்றார். மூன்று வருடம் இழுத்தேன். ஒரு தடவைகூடக் கயிறு சிக்கியதில்லை. கட்டத்தில் இப்படி எழுதினேன்: பள்ளி ஆண்டு விழாக்களில் மூன்று ஆண்டுகள்.

பொய் இல்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வார்டில் பாட்டிமார்களுக்கு ஊசி வலிக்காது என்று சொல்லிப் பழகிய வாய்.

3

வகுப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் ஷமீமா ஞாபகம் வந்தாள். ஆபத்து வந்தால் மட்டும் சிநேகிதியை நினைக்கிறவள் நான்.

ஷமீமாவுக்குச் சொந்த ஊர் லப்பைக்குடிகாடு. பிளஸ் டூ படிக்க அரியலூரில் அவள் மாமி வீட்டில் இருந்தாள். இரண்டு வருடம் ஒரே பெஞ்சு. அவள் கணவர் துபாயில் இருக்கிறார். இவளைக் கூப்பிட்டுக்கொள்ள அவரும் பல முறை கேட்டுவிட்டார். இவள் செந்துறைக்கு அந்தப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியையாக ஒட்டிக்கொண்டிருக்கிறாள். வாரத்தில் மூன்று அரை நாள்தான் வேலை. அது போதாதென்று சனிக்கிழமைகளில் ஊர் நூலகத்தில் சம்பளம் இல்லாமல் ஒரு கலை வகுப்பு நடத்துகிறாள்.

அவளுக்கும் ஒரு கூட்டமைப்பு உண்டு. தலைமையாசிரியை அனுமதி கொடுத்தார். நூலகர் வாசிப்புக் கூடத்தைத் திறந்துவிடுகிறார். பெயின்ட் கடைக்காரர் காலி டின்களையும் டிரம்களையும் கொடுக்கிறார். மகளிர் குழுத் தலைவி சுண்டல் அவித்துக் கொண்டுவருகிறார். இவர்கள் நால்வரும் ஒரே ஒரு தடவை, பெயின்ட் கடை வாசலில் நின்றபடி கூடிப் பேசினார்களாம். படிவம் எதுவும் கிடையாது. தரை வழுக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

“நடனம் எல்லாம் நமக்கு எங்கடி தெரியும்,” என்றாள் ஷமீமா போனில். “பள்ளிக்கூடத்துக்கு வர்ற வழியில என்னென்ன சத்தம் கேட்டீங்கன்னு கேப்பேன். கண்ண மூடிட்டு ரெண்டு நிமிஷம் யோசிக்கச் சொல்லுவேன். அப்புறம் அந்தச் சத்தத்தக் கையால, காலால, டின்னால பண்ணணும். பண்ணிட்டா அதுலேர்ந்து ஒரு கதை வரும். போன வாரம் சுண்ணாம்புக்கல் லாரி ஒண்ணு பள்ளத்துல எறங்கி ஏறுறத பன்னெண்டு புள்ளைங்க சேந்து பண்ணாங்க பாரு, நூலகர் எந்திரிச்சு வாசலுக்குப் போய் எட்டிப் பாத்துட்டாரு.”

“அப்புறம்?”

“என்னடி திடீர்னு இவ்ளோ அக்கற?”

“சும்மாதான். கேக்க நல்லாருக்கு.”

அவள் சந்தோஷப்பட்டாள். அவள் செய்வதை வெளிநாட்டிலிருந்து ஒருத்தி இவ்வளவு ஆசையாகக் கேட்பது இதுதான் முதல் தடவை என்றாள். அதற்குப் பிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் பேனாவைத் தேடினேன்.

நேரக் கணக்கு எனக்குச் சாதகமாக இருந்தது. அங்கே பன்னிரண்டு மணிக்கு வகுப்பு முடியும்போது இங்கே காலை ஏழரை. இட்லிப் பானையை அடுப்பில் வைத்துவிட்டு ஷமீமாவைக் கூப்பிடுவேன். அவள் சொல்லச் சொல்ல மின்கட்டண உறையின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன். பதினொரு மணிக்கு இங்கே நூலகத்தில் பதினைந்து பிள்ளைகள் முன்னால் நின்று, “கண்களை மூடுங்கள்,” என்பேன்.

முதல் வாரமே ஜூலி ஹெல்மெட்டோடு கண்ணை மூடி உட்கார்ந்தார். முடிந்ததும், இவ்வளவு நவீனமான நடன முறையைத் தான் பார்த்ததில்லை என்றார். நாடக அரங்கத்துக்காரர் என்னிடம் கை கொடுத்து, எங்கே பயின்றீர்கள் என்று கேட்டார். “அரியலூர்,” என்றேன். அவர் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். அப்படி ஒரு மரபு இருக்கிறது போல என்று நினைத்திருப்பார்.

லாரியை மட்டும் நான் பஸ்ஸாக மாற்றினேன். என் சொந்தக் கற்பனை அவ்வளவுதான்.

4

இனியாவும் அந்த வகுப்புக்கு வந்தாள். அம்மா முன்னால் நின்று சொல்லிக்கொடுப்பதில் அவளுக்குப் பெருமையும் கூச்சமும் சரிபாதி. மூன்றாவது வாரம் தன் தோழிகளிடம், ‘என் அம்மா’ என்று என்னைக் காட்டியதைப் பார்த்தேன். பள்ளி வாசலில் என்னைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லும் பெண் அவள்.

ஐந்தாவது வாரம், அவரவர் வீட்டில் கேட்கிற ஒரு சத்தத்தைச் செய்துகாட்டச் சொன்னேன். அதுவும் ஷமீமா அன்று காலை சொன்னதுதான். ஒரு பையன் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆனான். ஒரு பெண் பக்கத்து வீட்டு நாய். இனியா எழுந்து நின்றாள். காதில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையில் கரண்டியால் எதையோ கிண்டிக்கொண்டு, ஆரம்பித்தாள்.

“சொல்லு ஷமீமா... ம்... ம்... அப்புறம் புள்ளைங்கள என்ன பண்ணச் சொன்ன? இரு, இரு. மெதுவா சொல்லுடி, எழுதிக்கிறேன்... ம்...”

என் குரல், என் இழுப்பு. ‘மெதுவா’வில் நான் மூச்சு வாங்குவதுகூட அப்படியே இருந்தது. பன்னிரண்டு வருடமாக ‘ம்’ மட்டும் பேசிய பெண். கூடத்தில் கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

“அருமை. அதற்கு என்ன அர்த்தம்?” என்று ஜூலி என்னிடம் கேட்டார்.

இனியாவும் என்னைப் பார்த்தாள். அவள் மாட்டிவிடுவதற்காகச் செய்யவில்லை, வீட்டில் கேட்கிற சத்தம் அதுதான். நான் என்ன சொல்லப்போகிறேன் என்றுதான் காத்திருந்தாள்.

“மளிகைச் சாமான் பட்டியல்,” என்றேன். “ஊரில் ஒரு தோழியிடம் கேட்டு எழுதுவேன்.”

வீட்டுக்கு நடந்து வரும்போது இனியா பத்தடி முன்னால் போனாள். வாசலில் நின்று, “ஷமீமா ஆன்ட்டி மளிகைக்கடை வைத்திருக்கிறாரா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் சாவியைத் தேடுவதுபோல் பையைக் கிளறினேன். சாவி கையில் இருந்தது. அன்று மாலை ‘சாப்பிட்டியா’ என்றதற்கு அந்த ‘ம்’மும் வரவில்லை.

5

மறுநாள் ஞாயிறு. ஷமீமாவே கூப்பிட்டாள். அவள் தானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

“கலை, ஒரு ஒத்தாச வேணும்டி. வர்ற வெள்ளிக்கெழம பள்ளி மேலாண்மைக் குழு கூடுது. சனிக்கெழம கலை வகுப்ப நிறுத்திட்டு பத்தாவதுக்கு ஸ்பெஷல் கிளாஸ் வெக்கலாம்னு பேச்சு. ஹெச்செம்மும் பாவம் என்ன பண்ணுவாங்க, ரிசல்ட் கேக்கறாங்கள்ல. வெளிநாட்டுலயும் இந்த மாதிரி வகுப்பு நடக்குது, புள்ளைங்களுக்கு நல்லதுன்னு ஒங்க ஊர்ல யாராச்சும் ஒரு லெட்டர் குடுத்தா, சீல் போட்டு, காட்டலாம்ல?”

நான் அடுப்பை அணைத்தேன். ஜூலியிடம் கடிதம் கேட்டால், யார் ஷமீமா என்று கேட்பார். இங்கே சொல்லாமல் அங்கே உதவ முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே குறுக்கே நின்றுகொண்டிருந்தேன்.

“ஷமீமா, நான் ஒண்ணு சொல்லணும். இங்க அந்த வகுப்பு எடுக்கறது நான்தான்.”

“எந்த வகுப்பு?”

“ஒன் வகுப்பு.”

அந்தப் பக்கம் அவள் மின்விசிறியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

“அஞ்சு வாரமா எம் புள்ளைங்க பண்ணதையா அங்க பண்ணுன?”

“ஆமா.”

“லாரியுமா?”

“பஸ்ஸா மாத்திட்டேன்.”

“எம் பேரச் சொன்னியா?”

“இல்ல.”

“சரி, வெச்சுடறேன்,” என்றாள். திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லி, அழுது, சமாதானம் ஆகியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை கூட்டமைப்பின் கூட்டம். நான் சொல்லவேண்டியதை ஆங்கிலத்தில் எழுதி, கணவரிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, “இவ்ளோ நீளமா வேண்டாம். திருடிட்டேன்னு சொல்லு, புரிஞ்சுக்குவாங்க,” என்றார்.

அப்படித்தான் சொன்னேன். எனக்கு ஆடத் தெரியாது என்றேன். மூன்று வருட மேடை அனுபவம் திரை இழுத்தது என்றேன். நீங்கள் பாராட்டிய ஒவ்வொரு பயிற்சியும் தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை உருவாக்கியது, அவருக்கும் தெரியாமல் எடுத்தேன் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஜூலி ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவருக்கு நரைத்த சுருட்டை முடி என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

“முதல் நாளே சொல்லியிருக்கலாமே,” என்றார்.

“நீங்கள் கைதட்டிவிட்டீர்கள்,” என்றேன்.

“இது சின்ன விஷயம் இல்லை, கலைச்செல்வி. ஒருவரின் உழைப்பை அவர் பெயரில்லாமல் நாம் எல்லோரும் பயன்படுத்தியிருக்கிறோம்.” என் பெயரை அவர் சரியாக உச்சரித்த முதல் நாள் அது. கடைசி வார வகுப்பை நான் எடுக்கவேண்டாம் என்று முடிவானது. குறிப்பேட்டில் அதை எழுதினார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். இனியாவின் வகுப்பாசிரியையும் அந்த மேசையில் இருந்தார்.

அன்றைக்கே ஜூலி கடிதம் எழுதினார். ஷமீமாவிடம் மன்னிப்புக் கேட்டு, அவருடைய முறையால் இங்குள்ள பிள்ளைகள் எப்படிப் பேச ஆரம்பித்தார்கள் என்று விவரமாகச் சொல்லி, நகராட்சி முத்திரை போட்டு மின்னஞ்சலில் அனுப்பினார். தமிழில் மொழிபெயர்க்கும் வேலை எனக்கு வந்தது. பிராயச்சித்தம் என்று நினைத்து ராத்திரி டியூட்டி முடித்துவந்து உட்கார்ந்து எழுதினேன். நீங்களும் நாங்களும் சேர்ந்து செயல்படுகிறவர்கள் என்ற பொருளில், ‘எங்கள் கூட்டாளி ஷமீமா’ என்று ஐந்து இடங்களில் போட்டிருந்தேன்.

6

வெள்ளிக்கிழமை நடந்ததை ஷமீமா என்னிடம் சொல்லவில்லை. அவள் அனுப்பாத செய்திகளை எண்ணிக்கொண்டு நான் ஒரு வாரம் கிடந்தேன். பிறகுதான் சொன்னாள்.

நூலகர் கடிதத்தை அச்செடுத்து வந்து உரக்க வாசித்தாராம். ‘கூட்டாளி’ என்று முதல் தடவை வந்தபோதே பின்னாலிருந்து ஒருவர், “டீச்சர எந்தக் கேசுல சேத்துருக்காங்க?” என்று கேட்டிருக்கிறார். ஐந்தாவது தடவைக்குள் தலைமையாசிரியை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாராம். சிரிப்பு அடங்கியதும் ஒரு அப்பா எழுந்து, “அவங்க ஊர்ல நல்லாருக்குன்னா நம்ம புள்ளைக்கு மார்க்கு வந்துருமாங்க?” என்று கேட்டார். அத்தோடு என் கடிதத்தின் கதை முடிந்தது. முத்திரையை மட்டும் ஒருவர் தடவிப் பார்த்தாராம்.

குழுவில் ஓர் அம்மா, நூறு நாள் வேலைக்குப் போகிறவர், அதுவரை வாய் திறக்காதவர், உட்கார்ந்தபடியே பேசியிருக்கிறார்.

“எம் பொண்ணு ரெண்டு வருசமா இந்தப் பள்ளிக்கொடத்துல வாயத் தொறந்ததில்லங்க. ஊமையான்னு கேட்டுருக்காங்க. சனிக்கெழம போவ ஆரம்பிச்சதுலேர்ந்து வூட்ல என்னையே எதுத்துப் பேசுறா. நிறுத்திப்புடாதீங்க.”

“எதுத்துப் பேசுறது நல்லதாம்மா?” என்று தலைமையாசிரியை கேட்டார்.

“பேசட்டும் டீச்சர். நான்தான் பேசாமலேயே இருந்துட்டேன்.”

தலைமையாசிரியை குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாராம். எட்டு மணி முதல் பத்து வரை ஸ்பெஷல் கிளாஸ், பத்திலிருந்து பன்னிரண்டரை வரை ஷமீமா வகுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு ஷமீமா, “ஜூலி மேடம் எனக்குத் தனியா மெயில் போட்டுருக்காங்க. கூகுள்ல போட்டுப் படிச்சேன். ஒன் தமிழ விட நல்லாருந்துச்சு,” என்றாள்.

“என்ன போட்டுருந்தாங்க?”

“வகுப்ப நானே எடுக்கணுமாம். ஸ்கிரீன்ல. சரின்னுட்டேன். நீ போனப் புடிச்சுக்க, நான் சொல்றத அங்க சொல்லு. வேற ஒண்ணும் பண்ணாத.”

“கோவம் போயிடுச்சா?”

“எங்க போவும்? இருக்கு. வகுப்பும் இருக்குல்ல.”

அவளுக்கும் படிவங்கள் போயின. ஆபத்து மதிப்பீட்டில் அவள் எழுதியதை ஜூலி எனக்குக் காட்டினார்: ‘கலைச்செல்வியால் தவறாக மொழிபெயர்க்கப்படலாம்.’ திருப்பி அனுப்பாமல் முதல் முறையிலேயே ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

7

இப்போது சனிக்கிழமை பதினொரு மணிக்கு, செந்துறைப் பக்கத்தில் காலை வகுப்பு முடிந்து மாலையாகப் போகிற நேரத்தில், ஷமீமாவும் எட்டுப் பெண்களும் அந்த நூலகத்தில் உட்காருகிறார்கள். இங்கே பதினைந்து பேர். நகராட்சியின் பெரிய திரையில் அவ்வப்போது படம் நின்றுபோகும், அதனால் பக்கத்தில் என் போன். சுவரொட்டியில் ஷமீமா பெயர் பெரிதாக இருக்கிறது. கீழே ‘உதவி’ என்று என் பெயரும் ஓர் எழுத்துப் பிழையோடு இருக்கிறது. மாற்றச் சொல்லவில்லை.

இனியா என்னோடு பேச ஆரம்பிக்க நாள் ஆனது. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் சொன்னது பள்ளியில் பரவியிருந்தது. இரண்டு வாரம் அவளை ‘மளிகைப் பட்டியல்’ என்று கூப்பிட்டார்களாம். “நீ சொன்னது நல்லதுதான். ஆனால் என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம்,” என்றாள். அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன், தமிழில். இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

போன வாரம் இரண்டு பக்கமும் சேர்ந்து லாரியைச் செய்தார்கள், பஸ்ஸாக மாற்றாமல். பள்ளத்தில் இறங்கும் இடத்தில் இங்கே கால் முந்தியது, அங்கே டின் முந்தியது. அங்கிருந்து, அம்மாவை எதிர்த்துப் பேசுவாளே அந்தப் பெண், திரைக்கு மிக அருகில் வந்து வேகமாக ஏதோ சொன்னாள். நான் மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். “அவள் என்ன சொல்கிறாள் என்றால், முதலில் நீங்கள் எல்லோரும்...”

“அம்மா, நீ செத்த சும்மா இரு,” என்றாள் இனியா. “அவ அப்படிச் சொல்லல. கால மெதுவா எடுக்கச் சொல்றா.”

‘கொஞ்சம்’ என்பதற்கு ‘செத்த’ என்று நான் வீட்டில் பேசியதே இல்லை. பட்டிக்காட்டுப் பேச்சு என்று கல்லூரி விடுதியிலேயே விட்டுவிட்டேன். இவள் திரையிலிருந்து எடுத்திருக்கிறாள். அங்கே எட்டுப் பெண்களும் சிரித்தார்கள். ஷமீமா சிரித்தாளா என்று தெரியவில்லை, அவள் டின்னை அடுக்கக் குனிந்திருந்தாள்.

“நீ இங்குட்டு வா, கிட்ட வா, கால் தெரியல,” என்றாள் அந்தப் பெண். இனியா போனை என் கையிலிருந்து வாங்கி, புத்தக அடுக்கின் கீழ்த்தட்டில் கால் தெரிகிற உயரத்தில் சாய்த்து வைத்தாள்.

எனக்கு வேலை இல்லாமல் போனது. ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவர்கள் பேசிக்கொண்டதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. கேட்ட பாதியில் என்னைப் பற்றி ஒன்றும் இல்லை.